பர்மாவிலிருந்து வராத நரம்புச்சிலந்தி

1. கோவிந்தனின் கணுக்கால்

நரம்புச்சிலந்தியைச் சுற்றி எடுக்கிறபோது நோயாளியிடம் பேச்சுக் கொடுக்காதே என்று டிரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். கொப்புளத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி தலை நீட்டும் அந்தப் புழுவை ஈர்க்குச்சியில் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை அளவுக்குத்தான் சுற்ற வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளேயே அறுந்துபோகும். பிறகு கால் வீங்கும், சீழ் வைக்கும். மடக்கிய முழங்காலை நீட்டவே முடியாமல் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோவிந்தனிடம் நான் பேச்சுக் கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அந்தப் பர்மாக்காரன் கொண்டாந்தது சார். போன வைகாசியில பொண்டாட்டி புள்ளையோட வந்து எறங்குனான். அந்த வைகாசியிலேயே தெருவுக்குத் தெரு சிலந்தி. இந்த வருஷம் எனக்கு."

"அவங்க வந்த அதே மாசத்துலயேவா?"

"அதே வாரமுங்க! அவன் மூட்டைய எறக்கி வச்சான், எங்க பெரியப்பா மவன் காலத் தூக்கிட்டுக் குந்திட்டான்."

என் கை குச்சியோடு நின்றுவிட்டது. இந்தப் புழு தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், வளர்ந்து, காலுக்கு இறங்கி, தோலைப் பிளந்துகொண்டு தலை நீட்ட ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும். போன வைகாசியில் வெளியே வந்த புழு, அதற்கு முந்தின வைகாசியில் குடித்த தண்ணீரில் இருந்தது. அப்போது அந்த மனிதன் ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் குற்றவாளியாக இருக்கவே முடியாது. கணக்குப் பாடம் மாதிரி அவ்வளவு தெளிவு! சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே ஊரெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கோவிந்தனின் முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன்.

"இது எப்ப வந்தது?"

"எனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முந்தி வந்ததுங்க."

"அப்பப் பர்மாக்காரன் இங்க இல்லையே?"

"அது வேறங்க சார். அது சாமி குத்தம். கூழு ஊத்திச் சரி பண்ணிட்டோம். இது பர்மா."

நான் சிரித்தேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்த முதல் கோடை அது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இடத்தில் சிரிக்காதீர்கள். நான் கேட்ட பதிலில் அந்த ஊரின் முழு வியாதியும் இருந்தது.

2. வடக்குப் படி, தெற்குப் படி

குன்னத்துக்குக் கிழக்கே, பருத்தியும் வெங்காயமும் மானாவாரியாக விளைகிற ஊர். பெயர் வேண்டாம். மாசி பிறந்தால் ஏரி காயும், குட்டை காயும். ஊருக்கு மிஞ்சுவது ஒரே ஒரு படிக்கிணறு. சதுரமான, கருங்கல் கட்டிய பெரிய கிணறு. வடக்கே ஒரு வரிசைப் படி, தெற்கே ஒரு வரிசைப் படி. நிலம் உள்ள குடும்பங்கள் வடக்கே இறங்கும். மற்றவர்கள் தெற்கே. சேரிக்கு இரண்டு படியும் கிடையாது. அவர்களுக்கு ஏரி நடுவில் கலங்கிக் கிடக்கும் ஒரு பள்ளம்.

முதல் நாள் அந்தக் கிணற்றங்கரையில் நின்று பார்த்தேன். குடத்தோடு இறங்குகிற ஒவ்வொரு பெண்ணும் கடைசிப் படியில் நின்று, இரண்டு காலையும் தண்ணீருக்குள் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதே இடத்தில் குனிந்து குடத்தை முக்கினாள்.

"ஏம்மா, குடிக்கிற தண்ணிக்குள்ள கால வைக்கிறீங்க?"

"காலு கழுவாம மொண்டா தண்ணி தீட்டாப் போவுமில்ல? சார் வூட்டுல இதெல்லாம் பாக்க மாட்டாங்களோ?"

சுத்தம் பார்க்கத்தான் கழுவினார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கொப்புளம் வந்தவர்களோ எரிச்சல் தாங்காமல் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்டால் இதமாக இருக்கும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீர் பட்ட நிமிஷத்தில் அது தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் பீய்ச்சிவிடும். தண்ணீரில் நீந்தும் சைக்ளாப்ஸ் என்கிற கடுகளவுகூட இல்லாத பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரை நாம் குடிப்போம். அடுத்த வருஷம் நம் கால்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினேன். துள்ளுகிற புள்ளிகளை எல்லோரும் பார்த்தார்கள். "தூசி" என்றார் ஒருவர். "தூசி நீந்துமாய்யா?" என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது.

மருந்து, பிளீச்சிங் பவுடர் எல்லாம் ஒத்தாசைதான். வைத்தியம் கொத்தனாரிடம் இருக்கிறது. படிகளை மூடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே ராட்டினம் வைத்துக் கயிற்றில் இறைத்தால் காலும் தண்ணீரும் சந்திக்காது. இதற்கு ஜில்லா போர்டில் பணம் ஒதுக்கி எனக்கு முன்னாலேயே ஆள் வந்து பேசிப் போயிருக்கிறார்கள். ஊர் மறுத்துவிட்டது. ஏன் என்று கேட்க மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக் கொல்லையில் தனிக் கிணறு இருந்தது. சுவர் எழுப்பி ராட்டினம் வைத்த கிணறு. அந்த வீட்டில் ஒருத்தர் காலிலும் தழும்பு இல்லை.

மணியக்காரர் மரியாதை தெரிந்தவர். மோர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"படிய மூடிட்டா, ராட்டினத்துல யாரு கயிறு போடுறது?"

"யார் வேணும்னாலும் போடலாங்க."

"அதத்தாங்க கேக்குறேன். யார் வேணும்னாலும்னா யாரு?"

அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"இப்ப வடக்க எறங்குறவன் தெக்கப் பாக்கிறதில்ல. தெக்க எறங்குறவன் இங்க வர்றதில்ல. சுவரு எழுப்பினா எல்லாரும் ஒரே கெணத்து வாயில நிக்கணும். சரி, அதக்கூட வுடுங்க. போர்டு காசுல கட்டினா போர்டு கெணறு. நாளைக்குச் சேரிக்காரன் குடத்தோட வந்து நின்னா, போகாதேன்னு நீங்களா வந்து சொல்வீங்க? சட்டம் உங்கள வுடுமா?"

"விடாதுங்க."

"அப்ப எங்கள ஏன் மாட்டி வுடப் பாக்கிறீங்க? பவுடரப் போட்டுட்டுப் போங்க தம்பி."

கால் போனாலும் போகட்டும், கயிறு கலக்க வேண்டாம் என்று ஓர் ஊரே முடிவு செய்திருந்தது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால், வலிக்கு வேறு ஒரு காரணம் வேண்டும். காரணம் போன வைகாசியில் மூட்டையோடு வந்து இறங்கியது.

3. தெற்குத் தெருக் கோடி

மாணிக்கத்தை அயலூர்க்காரன் என்று சொல்லக்கூட முடியாது. அவர் பிறந்தது அந்தத் தெற்குத் தெருவில்தான். சின்ன வயதில் சித்தப்பாவோடு கப்பலேறினார். ரங்கூனில் குண்டு விழுந்தபோது, மலையும் காடுமாக அஸ்ஸாம் வரைக்கும் நடந்து, பிறகு ரயிலேறி அரியலூரில் இறங்கியவர். கூட வந்தவள் மனைவி மா டின், பர்மாக்காரி. எட்டு வயதுப் பெண் அஞ்சலை. இன்னொரு குழந்தையை வழியில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

இடிந்து கிடந்த அப்பன் மனையில் நாலு மூங்கில் நட்டுக் கூரை போட்டிருந்தார்கள். மா டின் லுங்கியை இறுக்கிக் கட்டியிருப்பாள். விளாமரப் பட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வாள், வெயிலுக்காக. ஊர் அதைச் சூனிய மாவு என்றது.

நான் போனபோது மாணிக்கம் ஆடுசதையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சிலந்தி. போன கோடையில் வந்து இந்தக் கிணற்றில் குடித்தார், இந்தக் கோடையில் வந்துவிட்டது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. உற்சாகமாக அவரிடம் விளக்கினேன். நீங்கள் கொண்டுவரவில்லை, உங்களுக்குத்தான் இந்த ஊர் கொடுத்திருக்கிறது என்று.

அவர் சந்தோஷப்படவில்லை.

"சார், இத வெளிய சொல்லாதீங்க. எங்கிட்டச் சிலந்தி இருக்குன்னு தெரிஞ்சா, பாத்தியா அவங்கிட்டத்தான் இருக்குன்னுவாங்க."

"ஆனா நியாயம் உங்க பக்கம் இருக்கே!"

"நியாயம் இருந்து என்னங்க பண்ண? எனக்கு வேண்டியது இந்த மனை. இத வுட்டா எங்களுக்குப் போக எடம் கெடையாது. இவ ஊருக்குப் போக முடியாது, ஜப்பான்காரன் இருக்கான். என் ஊரு இதுதான்."

மா டின் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். "சார், தண்ணி மேல கோபம் இல்லே" என்றாள். "ஆள் மேல கோபம்." பிறகு உள்ளே போய்விட்டாள்.

4. தமுக்கு

ஆடுசதைக் கட்டை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஊர் கூடியது. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடி. கூட்டத்தில் பாதிப் பேர் காலில் ஈர்க்குச்சி கட்டியிருந்தது. எழுந்து நிற்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நான் எழுந்து வைகாசிக் கணக்கைச் சொன்னேன். தரையில் கோடு போட்டே காட்டினேன். இங்கே குடித்தது, இங்கே வெளியே வந்தது, நடுவில் ஒரு வருஷம், அந்த வருஷத்தின் கடைசியில்தான் இவர்கள் வந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு ஜெயித்துவிட்டது போலவே இருந்தது.

"படிச்சவங்க எதையும் கணக்குப் போட்டுக் காட்டிருவாங்க" என்றார் ஒருவர். "எங்களுக்கு வலிக்குதுங்களே, அது பொய்க்கணக்கா?"

"வலி நெசந்தாங்க. அது அவங்களால வரலன்னுதான் சொல்றேன்."

"அப்ப யாரால? எங்களாலன்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் ஆமாம் என்பதுதான். ஊரே உட்கார்ந்திருந்தது. வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம், அங்கேயும் கிணற்றைப் போலவே. "கிணத்தாலங்க" என்றேன். கிணற்றுக்குக் கால் முளைத்து வந்து எங்களைக் கடித்ததா என்று கேட்டு ஒரு பையன் நொண்டிக் காட்டினான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மணியக்காரர் தீர்ப்பைச் சத்தம் போடாமல் சொன்னார். பர்மாக் குடும்பம் இனிக் கிணற்றுப் படியில் கால் வைக்கக் கூடாது. ஊரின் நன்மைக்காக. அன்று சாயங்காலமே தமுக்கு அடித்துத் தெருத் தெருவாகச் சொன்னார்கள். தமுக்கு அடித்தவர் சேரிக்காரர். அந்தப் படியில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

பெரம்பலூர் ஆபீஸில் போய் முறையிட்டேன். என் ஆபீஸர் விசிறியை விடாமலே கேட்டார். "காலரா வரும்போல இருக்கு, ஊசி மருந்து பத்தலை, யுத்தம் நடக்குது. நீ ஒரு பர்மாக்காரியைத் தூக்கிட்டு வந்திருக்கே. பவுடரைப் போடுய்யா. தத்துவம் பேசாதே."

5. மொட்டைக் கிணறு

மாணிக்கத்தின் அப்பன் புஞ்சையில், அரியலூர் ரோட்டோரம், யாரும் தொடாத ஒரு மொட்டைக் கிணறு இருந்தது. தண்ணீர் உவர்ப்பு. பருப்பு வேகாது. முன்பு மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மாணிக்கம் புழு முழுதும் வெளியே வந்த கையோடு அதில் இறங்கித் தூர் வாரினார். ஒரு பனைமரத்துண்டைக் குறுக்கே போட்டு, கயிறும் ஓலைப்பட்டையுமாக இறைக்க ஆரம்பித்தார்கள். செங்குத்தான கிணறு, படி கிடையாது. தண்ணீரில் கால் வைக்க யாராலும் முடியாது.

போகும்போதும் வரும்போதும் நான் அங்கே சைக்கிளை நிறுத்துவேன். டம்ளரில் எடுத்துப் பார்ப்பேன். ஒரு புள்ளிகூடத் துள்ளவில்லை. அந்த ஊர் எல்லைக்குள் நரம்புச்சிலந்தி இல்லாத தண்ணீர் இரண்டே இரண்டு இடத்தில்தான் இருந்தது. மணியக்காரர் கொல்லையில் ஒன்று, தள்ளி வைத்த குடும்பத்தின் புஞ்சையில் ஒன்று.

எனக்கு அப்போது ஒரே பரபரப்பு. ஊர் தன்னை அறியாமலே எனக்கு ஒரு பரிசோதனை செய்து கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். நான் கணக்கைச் சொன்ன நாளிலிருந்தே அவர்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். அடுத்த கோடை வரட்டும். பர்மாக் குடும்பத்தின் கால் சுத்தமாக இருக்கும். ஊர்க் கால்கள் புண்ணாக இருக்கும். குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும்!

6. சுத்தமான கால்கள்

அடுத்த கோடை வந்தது. நான் நினைத்தது அப்படியே நடந்தது. மாணிக்கம் கூலிக்கு வெங்காயம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார், பக்கத்து ஊர்களில். அஞ்சலை ஓடி விளையாடினாள். ஊரிலோ களை எடுக்க ஆள் இல்லை. கோவிந்தனுக்குப் போன வருஷத்துப் புழு அறுந்து கணுக்கால் விறைத்துப்போயிருந்தது. இந்த வருஷம் மற்ற காலில் வந்தது. அவர் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

நான் கூட்டம் போடச் சொல்லவில்லை. அவர்களே போட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பேச்சு பாதி முடிந்திருந்தது.

"நம்ம அத்தனை பேருக்கும் வந்திருக்கு. அவனுக்கு இல்ல, அவன் பொண்டாட்டிக்கு இல்ல, அந்தப் புள்ளைக்கு இல்ல. எப்படி?"

"அதத்தாங்க நானும் சொல்ல வரேன்!" என்று கூட்டத்துக்குள் புகுந்தேன். "அவங்க கயித்துல எறைக்கிறாங்க. தண்ணியில கால் படல."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். கோபமில்லாத, களைத்துப்போன முகம். "சார், நீங்க நல்லவரு. ஒங்களுக்குப் புரியல. போன வருஷம் அவன் காலுல இருந்திச்சா இல்லியா?"

"இருந்தது."

"இப்ப இல்ல. எங்க போச்சு? எம் மத்த காலுக்கு வந்திருச்சு. அவ எறக்கி வுட்டுட்டா."

கூட்டம் ஒரே குரலில் ஆமாம் என்றது. போன வருஷம் சிலந்தி இருந்தது அவர்கள் கொண்டுவந்ததற்குச் சாட்சி. இந்த வருஷம் இல்லாதது அவர்கள் ஏவிவிட்டதற்குச் சாட்சி. நான் ஒரு வருஷம் காத்திருந்து சேர்த்த ருசு, என் கண் முன்னாலேயே எதிராளியின் கைக்குப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "மணியக்காரர் வீட்டுலயும் யாருக்கும் சிலந்தி இல்ல. அவங்களும் ஏவி விட்டாங்களா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லோரும் மணியக்காரரின் காலைப் பார்த்தார்கள். அவர் காலை மடக்கிக்கொண்டார். பிறகு சிரித்தார். "எங்களக் கொலதெய்வம் காப்பாத்துது தம்பி." கூட்டம் மூச்சு விட்டது. ஆறுதலான மூச்சு. அந்தக் கணத்தை அவர்களில் யாருமே விரும்பவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் உச்சிவெயிலில், ஊரே பார்க்க, மொட்டைக் கிணற்றுக்குள் கருவேல முள்ளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அதன் மேல் செத்த கன்றுக்குட்டி ஒன்று. செய்தி கேட்டு நான் சைக்கிளில் போனபோது கடைசி வண்டி காலியாகிக்கொண்டிருந்தது. முள்கட்டைத் தள்ளியவர்களில் கோவிந்தனும் ஒருவர். குச்சி கட்டிய காலை இழுத்து இழுத்து நடந்து, தள்ளிவிட்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இளைத்தார். மணியக்காரர் கொல்லையை விட்டால், குடிக்கத் தகுந்த ஒரே தண்ணீர் அது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "வெயில்ல நிக்காதீங்க சார்" என்று யாரோ அக்கறையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

மாணிக்கம் கயிறும் பட்டையுமாக வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பினால், மா டின் மூட்டை கட்டி முடித்திருந்தாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவளுக்கு யோசனை தேவைப்படவில்லை. ஓடிப் பழகியவள்.

7. அரியலூர் ரோடு

மூட்டையை என் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்தேன். நாகப்பட்டினம் பக்கம் உப்பளத்தில் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், போய்ப் பார்க்கலாம் என்றார் மாணிக்கம். செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லுமாகக் கிடந்த ரோட்டில் நிழலே இல்லை. போலீஸில் எழுதிக் கொடுப்போம், நான் சாட்சி சொல்கிறேன் என்று மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"ரங்கூன்ல எங்களக் கலான்னுவாங்க சார், அயலான்னு அர்த்தம். அரிசி வெல ஏறுச்சுன்னா கலாவால. வேல கெடைக்கலன்னா கலாவால. ஒரு தடவை கத்தியோட தெருத் தெருவா வந்தாங்க. இவ என்ன உள்ள போட்டுக் கதவச் சாத்திட்டு வாசல்ல நின்னா. அவ பாஷையில அவங்கள அப்படித் திட்டுனா. திரும்பிப் போயிட்டாங்க."

சைக்கிளில் சரிந்த மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னிக்கு இவளுக்காக நான் வாசல்ல நிக்கணும். எம் பாஷ, எந் தெரு, எம் பங்காளிங்க. நின்னேன். ஒருத்தனும் திரும்பிப் போகல."

மா டின் முன்னால் நடந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஸ்டேஷனில் திருச்சிக்குப் போகிற வண்டிக்கு அவர்கள் உட்கார்ந்திருந்தபோது அஞ்சலை அப்பாவின் தோளைத் தட்டினாள்.

"அப்பா, அங்க போனா கேப்பாங்கல்ல. நாம எந்த ஊருன்னு சொல்றது?"

மா டின் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். வண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

8. இனி

அவர்கள் போய் அடுத்த கோடையும் வந்தது. சிலந்தியும் வந்தது. பர்மாக் குடும்பம் போகும்போது மண்ணில் எதையோ புதைத்துவிட்டுப் போனதாக ஒரு பேச்சு. அது சலித்தபின், ஏரிக்கரையில் கூடாரம் போட்ட கல் உடைக்கிற ஒட்டர்கள் பேரில் பேச்சு. பிறகு என் பவுடர். காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் வந்து போகின்றன. கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான் கற்றது ஒன்றுதான். ருசு காட்டினால் மனம் மாறும் என்று காலேஜில் நம்பினேன். யார் குற்றவாளி இல்லை என்று நான் நிரூபிக்க நிரூபிக்க, அப்படியானால் யார் என்ற கேள்வி அவர்கள் பக்கமே திரும்பியது. அதைத் தாங்க முடியாமல்தான் இன்னும் பலமாக அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கோவிந்தன் கெட்டவர் இல்லை. சொந்தக் காலைவிட ஊரோடு ஒத்துப்போவது அவருக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களே, யார் என்ற வாக்குவாதத்துக்குள் போகாதீர்கள். கால் எங்கே படுகிறது என்பதை மட்டும் பேசுங்கள்.

இந்த மாசியில் வேலை ஆரம்பம். படி முழுவதையும் மூட ஊர் ஒப்பவில்லை. அடியில் உள்ள சில படிகளை மட்டும் மறைத்து, தண்ணீருக்கு மேலே இடுப்பளவு சுவர் எழுப்ப ஒப்பியிருக்கிறார்கள். வடக்கே நிற்பவர் வடக்கேயே நின்று கயிறு போடலாம், தெற்கே தெற்கே. சேரியின் பள்ளம் அப்படியே இருக்கும். ராத்தூக்கம் கெடுகிற சமரசம்தான். சேரிக்கு முதலில் அந்த மொட்டைக் கிணற்றைத் தூர் வாரிக் கொடுக்க எழுதிக் கேட்டிருக்கிறேன். உத்தரவு வருகிற வரைக்கும் முள்ளை வெளியே இழுக்கவாவது ஆள் சேர்க்கிறேன். இதுவரை சேரியிலிருந்து நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுவர் இந்தக் கோடைக்கு முன்னால் எழும்பிவிடும். இந்தக் கோடையில் வெளியே வரப்போகும் புழுக்களைப் போன கோடையிலேயே குடித்தாகிவிட்டது. ஆகவே சுவர் கட்டிய சில வாரத்தில் தெருத் தெருவாகச் சிலந்தி வரும். கொத்தனார் அரியலூர்க்காரர், இந்த ஊரில் ஒருத்தருக்கும் உறவில்லாதவர். அப்போது ஊர் யாரைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் முதல் கல் வைப்பதற்கு முன்பே வீடு வீடாகப் போகப் போகிறேன். இந்த வருஷமும் சிலந்தி வரும், நிச்சயம் வரும், அதற்கு அடுத்த வருஷம் பாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லப் போகிறேன். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, சேரி, மணியக்காரர் வீடு, ஒன்று பாக்கியில்லாமல். நாளைக் காலை கோவிந்தன் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அவர் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்வேன். வேலை நடக்கிற நாளெல்லாம் கொத்தனாரோடு கிணற்றுக்குள் நானும் நிற்பேன், சுவர் முடிந்த பிறகு அவரை அரியலூருக்கு அனுப்பிவிட்டு, கோடை முழுவதும் நான் மட்டும் இங்கேயே தங்குவேன். பழி சொல்ல ஊருக்கு ஆள் வேண்டுமென்றால், நான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.